கோபி வண்டிக்கு பூஸ்ட் ஏற்றாத கதை

போன வாரம் எங்கள் குடியிருப்பு கேட்டின் கீல் துருப்பிடித்து, திறக்கும்போதெல்லாம் ஆடு கத்துவதுபோல் கத்த ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது மாடிக்காரர் எங்கிருந்தோ ஒரு வெல்டரைக் கூட்டிவந்தார். அவர் பையிலிருந்து பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியில் போட்டிருந்த ஓட்டை வழியாகக் கீலில் நாலு சொட்டு விட்டார். பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். மண்ணெண்ணெய் வாசனை! எத்தனை வருஷமாயிற்று! "எங்கப்பா கிடைச்சுது?" என்றேன். "அத்த ஏன் சார் கேக்குற, எப்பவோ வாங்கி வெச்சது" என்று பாட்டிலை அவசரமாகப் பைக்குள் தள்ளினார். என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கையில் பால் பாக்கெட்டோடு எந்த அதிகாரி வருவான்?

மண்ணெண்ணெய் என்றதும் உங்களுக்கு ரேஷன் கடை வரிசையோ திரி ஸ்டவ்வோ நினைவுக்கு வரலாம். எனக்கும் அதெல்லாம் உண்டு. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பா தெற்கேயிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். கேன் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது வீட்டில் என் இலாகா. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் தோன்றியது அடுப்பு இல்லை, பிஸ்டன். சென்னீர்குப்பத்தில் பாபுவின் ஒர்க்‌ஷாப்பில், மேல்மூடி கழற்றி வைத்திருந்த ஒரு இன்ஜின். அதற்குள் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் ஊற்றி, எவ்வளவு பிடிக்கிறது என்று நாங்கள் எண்ணிய எண்ணம். எண்ணி எண்ணிக் குழம்பிய குழப்பம்.

பாபு என் பள்ளித் தோழன். திருமுல்லைவாயிலில் ஒரே பெஞ்சு. நான் பாலிடெக்னிக் பக்கம் போனேன், அவன் நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனான். நான் டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், வருகிற உருப்படிகளை அளந்து 'சரி', 'சரியில்லை' என்று பிரித்துப் போடும் வேலையில் சேர்ந்தபோது, அவனுக்குச் சொந்த ஒர்க்‌ஷாப் இருந்தது, கல்யாணமும் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். வேலைக்காக என்று நினைக்காதீர்கள். பாபுவின் மனைவி கஸ்தூரி வைக்கும் வஞ்சிரக் குழம்புக்காக. அதற்குப் பதில் மரியாதையாக நான் அவ்வப்போது ஏதாவது கணக்குப் போட்டுக் கொடுப்பேன். அதனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பெரிய படிப்பாளி என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுக்கவும் இல்லை. குழம்பு நன்றாக இருந்தது.

கஸ்தூரியின் தம்பி கோபி. அவனிடம் ஒரு லோடு வேன் இருந்தது. அவர்கள் அப்பா கூலிக்கு வயல் வேலை செய்தவர். அந்த வயல்களெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு, இருந்த ஒரே துண்டு நிலத்தையும் கொடுத்துவிட்டுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்த வேன் அது. வேன் ஓடினால் அந்த வீட்டில் உலை கொதிக்கும். ஓடாவிட்டால் கைமாற்றுக் கேட்டு அக்கா வீட்டுக்கு ஆள் வரும். அப்படியொரு நேரத்தில் கோயம்பேட்டில் ஒரு வியாபாரி கோபியிடம், ஊட்டியிலிருந்து வாரம் தவறாமல் கேரட் ஏற்றிவரும் வேலையைத் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: போகும்போது இங்கிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும். கோபியின் வேனோ பூந்தமல்லி மேம்பாலத்திலேயே மூச்சு வாங்கும்.

"டர்போல ஒரு ராடு கீது மாமே. அதுல நட்ட நாலு சுத்து சுத்துனா பூஸ்ட் ஏறிடுமாம். அப்பால சும்மா பிச்சிக்கினு போவுமாம்" என்று கோபி வந்து நின்றான். கோயம்பேட்டில் யாரோ டிரைவர் சொல்லியிருக்கிறார். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி, அந்தத் திணிப்புக்குத்தான் பூஸ்ட் என்று பெயர்.

பாபு நட்டைத் திருகிவிட்டுப் போயிருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை. ஆனால் அது மச்சான் வண்டி. வெளி ஆள் வண்டி என்றால் ஒரு யோசனை, பெண்டாட்டி தம்பி வண்டி என்றால் ஒன்பது யோசனை. அதுவும் அந்த இன்ஜின் வேனோடு வந்தது இல்லை. பழையது தேய்ந்துபோனதால் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் பிடித்துப்போட்டது. எந்த வண்டியில் இருந்தது, யார் யார் பிரித்தார்கள், எதைச் சீவினார்கள், ஒன்றும் தெரியாது. அதன் நம்பரைக்கூட யாரோ தேய்த்து எடுத்திருந்தார்கள்.

"காத்த ஏத்தலாம். ஆனா உள்ள ஏற்கெனவே எவ்ளோ அமுக்குதுன்னு தெரிஞ்சிக்காம ஏத்துனா பேஜாராயிடும் நைனா" என்று பாபு என்னைப் பார்த்தான். நான் குழம்பில் இருந்த மீன் துண்டைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டேன்.

அவன் சொன்னதை உங்களுக்கு எப்படி விளக்குவது? காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறியிருக்கிறீர்களா? ஒரு பெட்டிக் கூட்டத்தை அப்படியே தள்ளித் தள்ளி ஒரு சீட்டளவு இடத்தில் அடைத்தால் எப்படி இருக்கும்? பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே இருக்கும் இடம் பெட்டி, மேலே வந்ததும் மிஞ்சுகிற இடம் சீட்டு. பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவதுதான் கம்ப்ரெஷன் ரேஷியோ. பூஸ்ட் ஏற்றுவது என்றால், கதவை மூடுவதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் இருப்பவர்களையும் உள்ளே திணிப்பது. சீட்டு ஏற்கெனவே குறுகலாக இருந்தால் என்ன ஆகும்? பெட்டி பிளந்துகொள்ளும். அதாவது பிஸ்டன் உடையும், மேல்மூடிக்கு அடியில் காற்றை அடைத்து நிற்கும் கேஸ்கட் தகடு பறக்கும், ஊட்டி மலை நடுவில் வெங்காயத்தோடு கோபி நிற்பான்.

பாபு முதலில் ஒரு மீட்டரைக் கொண்டுவந்தான். இன்ஜினில் சொருகி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, முள் காட்டியதைப் பெருமையாகக் காண்பித்தான். "இதாம்ப்பா கம்ப்ரெஷன். சோக்கா கீது." நான் அதிகாரமாகத் தலையாட்டி, அது அழுத்தம், நமக்கு வேண்டியது விகிதம், இரண்டும் வேறு என்றேன். அவன் கேட்டான்: "இன்னா வேற?" விளக்கினேன். விளக்கி முடித்தபோது எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் படிப்பாளிப் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே, மேல்மூடியைக் கழற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

கழற்றினோம். பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்த என் அக்காவிடம் கெஞ்சி ஒரு பியூரெட் வாங்கி வந்திருந்தேன், உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோமே, அந்தக் கண்ணாடிக் குழாய். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ஓரத்தில் கிரீஸ் தடவி, மேலே ஓட்டை போட்ட கண்ணாடித் துண்டை வைத்து மூடி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டோம். இடம் நிரம்ப எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் சீட்டின் அளவு. எவ்வளவு சுலபம் பாருங்கள். ஆய்வகத்தில் இருந்திருந்தால் சுலபம்தான்.

முதல் சிலிண்டரில் ஒரு கணக்கு வந்தது. இரண்டாவதில் வேறு. மறுபடி முதலாவதில் ஊற்றினால் முன்னால் வந்ததும் இல்லை, பின்னால் வந்ததும் இல்லை, புதிதாக ஒன்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக நழுவிக் கீழே போய்க்கொண்டிருந்தது. சரி, கெட்டியாக ஒன்றை ஊற்றுவோம் என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினோம். அது நழுவவில்லை, ஆனால் உள்ளே காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. பாபு குனிந்து அந்தக் குமிழைப் பார்த்து, "ஏய், வெளிய வா" என்று அதட்டினான். அது வரவில்லை.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. ஆயுத பூஜை என்றால் அந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் எப்படியிருக்கும் தெரியுமா? வருஷம் முழுக்கக் கறுப்பாகக் கிடக்கும் தரை அன்று மட்டும் தரை நிறத்தில் தெரியும். ஸ்பேனர்களுக்குச் சந்தனம், ஜாக்கிக்குக் குங்குமம், வெல்டிங் மெஷினுக்கு மாலை. கோபியின் இன்ஜினுக்கும் கஸ்தூரி நாலு பிஸ்டனிலும் நாலு பொட்டு வைத்தாள். என் பியூரெட்டையும் விடவில்லை. பட்டை பட்டையாகச் சந்தனம் வைத்ததில் கோடுகள் மறைந்து, அதில் எது எண், எது பொட்டு என்று கண்டுபிடிக்க எனக்குத் தனியாக ஒரு பொழுது போனது. பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. ஆகவே பொரி, கடலை, சுண்டல் மூன்றையும் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். சுண்டல் பிரமாதம்.

பூஜை முடிந்த பிறகு, மண்ணெண்ணெயையே வேகமாக ஊற்றி வேகமாகப் படித்து, நாலு சிலிண்டருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வருகிற மாதிரி செய்தோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் ஒன்று உறைத்தது. பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவில் கேஸ்கட் ஒன்று இருக்குமே! அதன் கனத்தையும் சேர்க்க வேண்டும். பழைய கேஸ்கட்டை எடு, அளந்து பார்க்கலாம் என்றேன்.

பாபு என்னைப் பார்த்தான். கஸ்தூரியைப் பார்த்தான். பிறகு மேலே கூரையைப் பார்த்தான்.

"பூஜைக்கி கடைய சுத்தம் பண்ணம்ல" என்றான்.

"அதுக்கு?"

"கடையில குப்ப இருந்தா லச்சுமி எப்டி நைனா உள்ள வருவா? எல்லாத்தையும் காயலான் கடைக்காரன்ட போட்டுட்டேன்."

வந்தது சரஸ்வதி பூஜைடா, லட்சுமி எங்கே வந்தாள் என்று கத்தினேன். எங்களுக்கு வேண்டிய ஒரே சாட்சியை, சாமி கும்பிடுவதற்காகவே எடைக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். இரண்டு பேரும் நசரத்பேட்டைக்கு ஓடினோம். காயலான் கடையில் கேஸ்கட்டே ஒரு குன்று இருந்தது. அந்த நெடுஞ்சாலை ஒர்க்‌ஷாப் அத்தனையும் அதே பூஜைக்குச் சுத்தம் செய்து அங்கேதான் போட்டிருக்கிறார்கள். எங்களுடையது எது என்று கடைக்காரரைக் கேட்டால், "எட போட்டுத்தான சார் எடுத்தேன், மூஞ்சி பாத்தா எடுத்தேன்?" என்றார். நியாயம்தான்.

வெயிலில் குந்திக் கிளறினோம். கடைசியில் துளைகள் பொருந்துகிற மாதிரி ஒன்று அகப்பட்டது. தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்தது. நகத்தால் நெம்பினால் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கட்! எவனோ பழைய மெக்கானிக், பிளாக்கின் மேல்பக்கத்தைச் சீவியதில் இடம் குறுகிப்போய், அதைச் சரிக்கட்ட இரண்டைப் போட்டு இறுக்கியிருக்கிறான். அது எங்கள் இன்ஜினுடையதா, பக்கத்துக் கடை இன்ஜினுடையதா? பாபுவும் கழற்றும்போது கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. இரண்டு என்று வைத்தால் விகிதம் பதினேழு. ஒன்று என்று வைத்தால் பத்தொன்பதைத் தாண்டியது. பதினேழு என்றால் பூஸ்ட் ஏற்றலாம், ஆனால் இரண்டு கேஸ்கட்டுக்கு நடுவில் எப்போது ஊதிக்கொண்டு போகுமோ. ஒன்று போட்டால் ஊதாது, ஆனால் பத்தொன்பதில் ஏற்றினால் பிஸ்டன் போகும். எந்தப் பக்கம் போனாலும் சுவர். கையில் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நசரத்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நாங்கள் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் கோபி வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். வேனைப் பிரித்துப் போட்டதிலிருந்து அவனுக்கு வருமானமே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் பஸ் பிடித்து வந்தான். பாபு எல்லாவற்றையும் சொன்னான், இரண்டு கேஸ்கட், ஒரு கேஸ்கட், பதினேழு, பத்தொன்பது. நான் நடுவில் நடுவில் புகுந்து விளக்கினேன். பாவம், கோபியின் முகம் சிறுத்துக்கொண்டே போனது.

"அதெல்லாம் வுடு மாமே. ஏத்தலாமா, வேணாமா?"

"தெரியல மச்சான்" என்றான் பாபு. நான் திடுக்கிட்டேன். எந்த மெக்கானிக்காவது வண்டிக்காரனிடம் தெரியவில்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதுவும் மாமியார் வீட்டு ஆளிடம்? 'பாத்துக்கலாம்', 'ரெடி பண்ணிடலாம்', 'நம்ம வண்டிதான', இந்த மூன்றையும் வைத்துத்தான் அந்தத் தொழிலே ஓடுகிறது.

கோபி குனிந்து இன்ஜினைப் பார்த்தான். மண்ணெண்ணெயில் கரைந்தது போக, பிஸ்டன்மேல் கஸ்தூரி வைத்த குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பிறகு கேட்டான்: "சரி, தாங்குமா தாங்காதான்னு நான் கேக்கல. நட்ட திருவி வுட்டுட்டு, மொத லோடுக்கு நீ என் கூட ஏறி ஊட்டிக்கி வருவியா மாமே?"

பாபு கையில் இருந்த வேஸ்ட் துணியால் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். நல்லவேளை என்னைக் கேட்கவில்லை என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"புரிஞ்சிடுச்சி மாமே" என்றான் கோபி. "இருந்தா மாதிரியே மாட்டிக் குடு. நான் ஊருக்குள்ளயே ஓட்டிக்கிறேன்."

அவ்வளவுதான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கேஸ்கட்டையே புதிதாகப் போட்டு மூடினோம். நட்டைத் தொடவில்லை. ஊட்டி லோடு வேறொருவருக்குப் போனது. அந்த ஆள் அதில் மூன்று வண்டி வாங்கினார் என்று கேள்வி. கோபி எங்கள் பக்கமே கட்டில், பீரோ, செங்கல் என்று ஓட்டி, கடைசியில் வேனை விற்றான். வாங்கியவர் பூஸ்ட் ஏற்றி அரக்கோணம் பக்கம் சிங்கம்போல் ஓட்டுகிறார் என்று ஒருவர் சொன்னார். ஏற்றின மறுவாரமே வாணியம்பாடி அருகே இன்ஜின் வெடித்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். கோபி இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறான். நாங்கள் அவனைக் காப்பாற்றினோமா, கெடுத்தோமா? எனக்கு இன்றுவரை தெரியாது.

பாபு இருந்த இடத்தில் இப்போது மெட்ரோ தூண் நிற்கிறது. காயலான் கடை இருந்த இடத்தில் பல அடுக்குக் கட்டடம். இப்போது பூஸ்ட் ஏற்ற யாரும் எதையும் பிரிப்பதில்லை. லேப்டாப்பைச் சொருகி, டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். பாபுவும் போய்விட்டான். போன வருஷம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனைப் பற்றி இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் கோபி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கஸ்தூரி பாயசம் ஊற்றிக்கொண்டே வந்தாள். கோபி என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கி மாமா மட்டும் வரேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஏத்திருப்பேண்ணா. ஊட்டிக்கி வருவியான்னு கேட்டேன். வாயத் தொறக்கல. சும்மானாச்சும்கூட சொல்லல. அந்த மாதிரி ஆளு எங்கண்ணா கெடைக்கும்?"

கஸ்தூரி பாயச வாளியோடு நின்றாள். "ஊட்டிக்கா? அவரா?" என்றாள். அழுது வீங்கிய முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு. "அந்தாளுக்கு மல மேல வண்டி ஏறுனாலே கொமட்டும்டா. ரெண்டாவது வளைவுலயே வாந்தி. திருப்பதிக்கே நடந்துதான் ஏறுவாரு. வெளிய சொல்லாத, மெக்கானிக்குக்கு மானம் பூடும்னு என்னாண்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

கோபி சோற்றில் கை வைத்தபடியே அவளைப் பார்த்தான். "ஏன்க்கா, இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"நீ என்னக் கேட்டியா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போனாள்.

கோபி என் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. "அண்ணா, அப்ப அந்தாளு இன்ஜினுக்கு பயந்து வாய மூடிக்கினாரா, வாந்திக்கி பயந்தா?"

"எனக்கென்னடா தெரியும்? இரு, அவனையே கேட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில் அவனைத் தேடி, எச்சில் கையோடு நான் பந்தியிலிருந்து எழுந்தேவிட்டேன்.